ஜின்ஃபாண்டெல் எந்த ஊர்க் கொடி?

கலிஃபோர்னியாக்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் மண்ணுக்கே உரியது என்று உரிமை கொண்டாடிய ஒயின் திராட்சை ஜின்ஃபாண்டெல். அங்கே வளரும் மற்ற ரகங்களின் பூர்வீகம் எல்லோருக்கும் தெரியும். கபர்னே சாவிஞோன் போர்தோவிலிருந்து வந்தது, பினோ நுவார் பர்கண்டியிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் ஜின்ஃபாண்டெல் என்ற பெயரைச் சொல்லி எந்த ஊரிலும் ஒரு பழைய தோட்டத்தைக் காட்ட முடியவில்லை. அமெரிக்கக் காட்டுத் திராட்சையிலிருந்து வந்தது என்றும் சொல்ல வழியில்லை. இலை, பழம், விதை மூன்றுமே அது ஐரோப்பிய இனமான வைட்டிஸ் வினிஃபெரா என்று காட்டின. ஆக, அது கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். ஏறிய துறை எது?

இந்தக் கேள்விக்கு 2001 டிசம்பரில் விடை கிடைத்தது. குரோவேஷியாவின் அட்ரியாட்டிக் கடலோரத்தில், ஒரு பழைய கலப்புத் தோட்டத்தில், வேறு ஆயிரக்கணக்கான கொடிகளுக்கு நடுவே ஒன்பது கொடிகள் நின்றன. அந்த ஒன்பதும் ஜின்ஃபாண்டெல்.

டிஎன்ஏ குறிகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, எங்கே மனிதரின் கண்ணும் காலும் தேவைப்படும் என்பதெல்லாம் இந்த ஒரே நிகழ்வில் தெளிவாகத் தெரிகின்றன. அதனால் அந்தத் தேடலை முதலிலிருந்தே பார்ப்போம்.

பெயர்கள் ஏன் குழம்பின

திராட்சையைத் தோட்டக்காரர்கள் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. கவாத்து செய்யும்போது கிடைக்கும் குச்சியை நட்டோ, வேறொரு வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டியோதான் பெருக்குகிறார்கள். விதை போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புதிய ரகம். ஆகவே இன்று உலகில் நிற்கும் ஜின்ஃபாண்டெல் கொடிகள் எல்லாமே என்றோ ஒரு நாள் முளைத்த ஒரே நாற்றின் தொடர்ச்சி. குச்சி ஊர் மாறும்போது உடம்பு மாறுவதில்லை, பெயர் மாறிவிடுகிறது. ஒரே ரகத்துக்குப் பத்து ஊரில் பத்துப் பெயர் இருப்பது திராட்சையில் சர்வ சாதாரணம். வேறு வேறு ரகங்கள் ஒரே பெயரில் விற்கப்படுவதும் அப்படித்தான்.

ஜின்ஃபாண்டெல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு 1820களில் வந்து சேர்ந்தது. லாங் ஐலண்டில் நாற்றங்கால் வைத்திருந்த ஜார்ஜ் கிப்ஸ் என்பவர் வியன்னாவின் அரசத் தொகுப்பிலிருந்து கொடிகளை வரவழைத்தார், அவற்றோடுதான் இதுவும் வந்திருக்க வேண்டும் என்பது வரலாற்றாளர் சார்லஸ் சல்லிவனின் முடிவு. 1830களில் பாஸ்டன் பக்கம் கண்ணாடி வீடுகளில் சாப்பாட்டுத் திராட்சையாக வளர்த்தார்கள். தங்க வேட்டைக்குப் பிறகு, 1850களில் கலிஃபோர்னியா போனது. அந்த வறண்ட வெயிலில் செழித்தது. ஒயின் ரகமாக நிலைத்தது. ஹங்கேரியிலிருந்து வந்த அகோஸ்டன் ஹராஸ்தி என்ற பிரமுகர்தான் அதைக் கொண்டுவந்தார் என்று அவர் மகன் பரப்பிய கதை நீண்ட காலம் நம்பப்பட்டது. சல்லிவன் பழைய நாற்றங்கால் விளம்பரங்களையும் பட்டியல்களையும் புரட்டி அதைத் தவறென்று காட்டினார். வியன்னா வரை தடம் போனது. வியன்னாவுக்கு அந்தக் கொடி எந்த மாகாணத்திலிருந்து வந்தது என்பது எந்தத் தாளிலும் இல்லை.

பாரியில் ஒரு கோப்பை

1967இல் அமெரிக்க வேளாண் துறையின் தாவர நோயியலாளர் ஆஸ்டின் கோஹீன் தென் இத்தாலியின் பாரி நகருக்குப் போயிருந்தார். அங்கே கொடுத்த உள்ளூர் ஒயின் அவருக்கு ஜின்ஃபாண்டெலை நினைவூட்டியது. எந்தத் திராட்சை என்று கேட்டார். பிரிமிடீவோ என்றார்கள். கொடியைப் பார்த்தார், அதுவும் ஒத்திருந்தது. குச்சிகளை வரவழைத்து, கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜின்ஃபாண்டெல் பக்கத்திலேயே நடச் செய்தார். சில ஆண்டுகளில் இரண்டும் காய்த்தன. இலை பார்த்து ரகம் சொல்லும் வல்லுநர்கள் இரண்டும் ஒன்றே என்றார்கள்.

1975இல் வேட் உல்ஃப் என்ற ஆய்வு மாணவர் ஐசோசைம் முறையில் இரண்டையும் சோதித்தார். ஒரே வேலையைச் செய்யும் நொதிகளிலும் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. மின்புலத்தில் ஓட விட்டால் அவை தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். ஜின்ஃபாண்டெலும் பிரிமிடீவோவும் ஒரே கோட்டு வரிசையைக் காட்டின.

இந்த முறையின் எல்லையை இங்கே கவனிக்க வேண்டும். கோடுகள் வேறுபட்டால் இரண்டும் வேறு ரகம் என்று அடித்துச் சொல்லலாம். ஒத்துப்போனால் ஒன்று என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது, ஏனென்றால் ஒப்பிடக் கிடைக்கும் நொதிகள் சிலவே; சம்பந்தமில்லாத இரண்டு ரகங்களும் தற்செயலாக ஒத்துப்போகலாம். ஒன்றல்ல என்று காட்ட ஒரு வேறுபாடு போதும். ஒன்றே என்று காட்டுவதற்குத்தான் பெரும் சான்று வேண்டும். ரகத் தகராறுகளில் இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிட்டுப் பேசுவதை இன்றும் பார்க்கிறேன்.

அதற்குள் வியாபாரம் முந்திக்கொண்டது. இத்தாலியர்கள் சிலர் பிரிமிடீவோ புட்டிகளில் ஜின்ஃபாண்டெல் என்று ஒட்டி அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாக்காரர்களுக்கு அது உறுத்தியது. ஆனால் இத்தாலியும் பூர்வீகம் இல்லை என்பதற்குத் தடயம் இருந்தது. பாரி நகர் இருக்கும் பூலியா வட்டாரத்தில் பிரிமிடீவோ என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வருகிறது. ஜோயா டெல் கோல்லே என்ற ஊரின் பாதிரியார் ஒருவர், மற்றவற்றுக்கு முன்னே பழுக்கும் கொடிகளைத் தேர்ந்தெடுத்துப் பரப்பினார் என்பது பதிவு. அதற்கு முந்தைய சரித்திரம் பூலியாவில் இல்லை. எதிர்க்கரையில், அட்ரியாட்டிக் கடலைத் தாண்டினால், குரோவேஷியாவின் கடலோரப் பகுதியான டால்மாசியா.

டால்மாசியாவின் பெயரைச் சொன்னவர்களில் முக்கியமானவர் மைக் கெர்கிச். குரோவேஷியாவில் பிறந்து 1958இல் கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்குக்கு வந்த ஒயின் தயாரிப்பாளர். 1976 பாரிஸ் போட்டியில் முதலிடம் பெற்ற கலிஃபோர்னிய ஷார்டொனே அவர் கைவண்ணம். நாப்பாவில் ஜின்ஃபாண்டெலைப் பார்த்ததும் தன் நாட்டின் பிளாவாட்ஸ் மாலி என்ற திராட்சையைப் பார்ப்பது போலவே இருந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கோஹீன் பிளாவாட்ஸ் மாலியையும் வரவழைத்து ஐசோசைம் சோதனை செய்ய வைத்தார். ஒத்துப்போகவில்லை. கெர்கிச் விடவில்லை.

குறி என்றால் என்ன

டிஎன்ஏவில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும்: ஜிஏ ஜிஏ ஜிஏ ஜிஏ என்பது போல. இவற்றுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடும். திராட்சையில் 19 ஜோடிக் குரோமோசோம்கள். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு நீளங்கள் இருக்கும். அந்த நீளங்களை அல்லீல் என்கிறோம்.

இளம் இலையைப் பறித்து டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். முற்றிய இலையில் டானின் போன்ற பொருள்கள் சேர்ந்து வேலையைக் கெடுக்கும். பிசிஆர் முறையில் குறிப்பிட்ட இடத்தை மட்டும் பல கோடி நகல் எடுத்து, நீளத்தை அளப்பார்கள். ஒரு ரகம் ஒரு குறியில் 133, 143 என்றும், இன்னொரு குறியில் 226, 236 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இப்படி வரும் எண் வரிசைதான் அந்த ரகத்தின் அடையாள அட்டை. மண், மழை, வயது, நோய் எதனாலும் இந்த எண்கள் மாறாது. இலையின் வடிவம் மாறும். இலையைத் தவிர வேறு எதுவும் இல்லாத காலத்தில் இதுதான் பெரிய சிக்கலாக இருந்தது.

திராட்சையில் இக்குறிகளை முதலில் பயன்படுத்திக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்கள் தாமஸும் ஸ்காட்டும், 1993இல். பிறகு டேவிஸில் கரோல் மெரிடித்தும் அவர் மாணவர் ஜான் பவர்ஸும் இன்னும் பல குறிகளை உருவாக்கினார்கள். வி.வி.எம்.டி.5, வி.வி.எம்.டி.7, வி.வி.எம்.டி.27 என்று இன்று எந்த நாட்டு ஆய்வகத்திலும் பயன்படுபவை அவர்களுடையவை. ஆஸ்திரேலியாவின் வி.வி.எஸ்.2, பின்னர் வந்த ஜாக்62, ஜாக்79 ஆகியவற்றைச் சேர்த்தால் ஆறு. சர்வதேச அடிப்படைத் தொகுப்பு இந்த ஆறுதான்.

ஆறு போதுமா? ஒரு குறியில் இரண்டு ரகங்கள் தற்செயலாக ஒத்துப்போக இருபதில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஆறிலும் ஒத்துப்போக 6.4 கோடியில் ஒரு வாய்ப்புதான். உலகில் உள்ள திராட்சை ரகங்கள் அதிகபட்சம் பத்தாயிரம் என்பது மதிப்பீடு. ஆகவே அடையாளம் காண ஆறு போதும். உடன்பிறந்த ரகங்களிடையே தற்செயல் ஒற்றுமை கூடும் என்பதால் பெற்றோர் யார் என்று நிறுவ ஆறு போதாது. இன்னும் நிறைய குறிகள் வேண்டும்.

1990களின் தொடக்கத்திலேயே மெரிடித்தின் ஆய்வகம் ஜின்ஃபாண்டெலும் பிரிமிடீவோவும் ஒன்றே என்பதை டிஎன்ஏ வழியாக உறுதிசெய்தது. 1997இல் அதே ஆய்வகம் இன்னொரு முடிவை வெளியிட்டது: கபர்னே சாவிஞோனின் பெற்றோர் கபர்னே ஃப்ராங்கும் சாவிஞோன் பிளாங்கும். அந்தப் புகழ்பெற்ற சிவப்புத் திராட்சையின் பெற்றோரில் ஒன்று வெள்ளைத் திராட்சை என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குறிகளால் பெற்றோரையும் காண முடியும் என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. ஜின்ஃபாண்டெல் தேடலின் முடிச்சை அவிழ்த்ததும் அதுவே.

பாதி ஒத்த எண்கள்

1998 மே மாதம் மெரிடித் குரோவேஷியா போனார். அங்கே ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தின் இவான் பெயிச், எடி மாலெட்டிச் இருவரும் அவரோடு சேர்ந்தார்கள். நாட்டில் மறைந்துகொண்டிருந்த உள்ளூர் ரகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த இருவரின் சொந்த அக்கறை. யுகோஸ்லாவியா உடைந்தபோது அங்கே நடந்த போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மூவரும் டால்மாசியக் கடலோரத்திலும் தீவுகளிலும் அலைந்து சுமார் 150 கொடிகளில் இலை சேகரித்தார்கள். பெரும்பாலும் பிளாவாட்ஸ் மாலி. ஒரே பெயரில் நிற்கும் கொடிகளில் ஏதாவது ஒன்றாவது ஜின்ஃபாண்டெலாக இருக்கலாம் என்பது எதிர்பார்ப்பு.

ஒன்றுகூட இல்லை.

பலரும் இத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள். ஆனால் எண்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஒவ்வொரு குறியிலும் பிளாவாட்ஸ் மாலியின் இரண்டு அல்லீல்களில் ஒன்று ஜின்ஃபாண்டெலிடம் இருந்தது. ஒன்றிரண்டு குறிகளில் அப்படி இருந்தால் தற்செயல் எனலாம். எல்லாக் குறிகளிலும் தவறாமல் பாதி ஒத்துப்போவது பெற்றோர்–பிள்ளை உறவில்தான் நடக்கும். கெர்கிச்சின் கண் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது குடும்பச் சாயல்.

அடுத்த கேள்வி, யார் பெற்றோர், யார் பிள்ளை? இரண்டு பேரின் எண்களை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. ஜின்ஃபாண்டெல் பெற்றோராக இருந்தாலும் பிள்ளையாக இருந்தாலும் பாதிப் பகிர்வு ஒரே மாதிரிதான் தெரியும். மூன்றாமவர் கிடைத்தால்தான் திசை தெரியும். பிளாவாட்ஸ் மாலியின் எண்களிலிருந்து ஜின்ஃபாண்டெல் கொடுத்திருக்கக்கூடிய பாதியைக் கழித்தார்கள். மீதி எண்களை உடைய ரகம் எது என்று தேடினார்கள். ஸ்பிலிட் நகருக்கு எதிரே உள்ள ஷோல்டா தீவின் டோப்ரிச்சிச் என்ற ரகம் எல்லாக் குறிகளிலும் பொருந்தியது. ஆக, பிளாவாட்ஸ் மாலி பிள்ளை. ஜின்ஃபாண்டெலும் டோப்ரிச்சிச்சும் பெற்றோர். 2000ஆம் ஆண்டுக்குள் இது தெளிவாகிவிட்டது.

என் பார்வையில் இந்த ஆய்வின் உச்சம் இதுதான். பிறகு வந்த கண்டுபிடிப்பு அல்ல. ஏனென்றால் இங்கேதான் தேடலுக்கு இடம் கிடைத்தது. டோப்ரிச்சிச் ஷோல்டாவையும் அதைச் சுற்றிய பகுதியையும் தாண்டிப் பெரிதாகப் போகாத ரகம். அதனோடு ஜின்ஃபாண்டெல் மகரந்தம் பரிமாறியிருக்கிறது என்றால், இரண்டும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் பூத்து நின்றிருக்க வேண்டும். ஸ்பிலிட்டைச் சுற்றித்தான் தேட வேண்டும். 150 தோல்விகளிலிருந்து கிடைத்த வரைபடம் அது.

காஷ்டெல் நோவி

பெயிச்சும் மாலெட்டிச்சும் பிளாவாட்ஸ் மாலியை விட்டுவிட்டு, பழைய தோட்டங்களில் பெயர் தெரியாமல் நிற்கும் அபூர்வக் கொடிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஜின்ஃபாண்டெலுக்கு ஒரு குணம் உண்டு: ஒரே குலையில் பச்சைக்காயும் பழமும் வற்றிய பழமும் சேர்ந்திருக்கும். இப்படிச் சீராகப் பழுக்காத குலையைத் தோட்டக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஸ்பிலிட்டுக்கு அருகே காஷ்டெலா கரையோரத்தில் காஷ்டெல் நோவி என்ற ஊர். அங்கே ஒருவரின் தோட்டத்தில் ட்சர்ல்யெனாக் காஷ்டெலான்ஸ்கி என்று உள்ளூரில் அழைக்கப்பட்ட கொடிகள் நின்றன. இலை டேவிஸுக்குப் போனது. 2001 டிசம்பரில் எல்லாக் குறிகளும் முழுதாக ஒத்துப்போயின. பாதி அல்ல, முழுதாக.

2002இல் கடலோரத்தில் இன்னும் தெற்கே, ஓமிஷ் பகுதியில், பிரிபிட்ராக் என்ற பெயரில் சில கொடிகள் கிடைத்தன. அவையும் அதுவே.

ஒரு காலத்தில் பரவலாக இருந்த ரகம் சொந்த ஊரில் இப்படி விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்தது எப்படி? அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும், பிறகு வேரைத் தின்னும் ஃபைலோக்சரா பூச்சியும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தன. திரும்ப நட்டபோது விவசாயிகள் தாங்குதிறன் கூடிய பிளாவாட்ஸ் மாலியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளை வந்து பெற்றோரை இடம் பெயர்த்துவிட்டது. அவர்கள் செய்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை, வயிற்றுப்பாடு.

இன்னொரு கேள்வி மீதமிருந்தது. ஒன்பது கொடிகள் கிடைத்த இடம்தான் பூர்வீகம் என்று எப்படிச் சொல்வது? இத்தாலியிலிருந்து யாரோ கொண்டுவந்து நட்டதாகவும் இருக்கலாமே? இதற்குப் பதில் சொந்தபந்தத்தில் இருந்தது. ஒரு ரகம் நெடுங்காலம் வாழ்ந்த இடத்தில் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நிற்பார்கள். பிளாவாட்ஸ் மாலி மட்டுமல்ல. டால்மாசியாவின் பிளாவினா, மாண்டிநீக்ரோவின் விரானாட்ஸ் ஆகியவையும் ஜின்ஃபாண்டெலின் நேர் வாரிசுகள் என்று பின்னர் தெரிந்தது. கலிஃபோர்னியாவிலோ பூலியாவிலோ இப்படியொரு குடும்பம் இல்லை. வியன்னாத் தடமும் இதோடு பொருந்துகிறது: 1820களில் டால்மாசியா ஆஸ்திரியப் பேரரசின் மாகாணம்.

காய்ந்த இலையிலிருந்து ஒரு பெயர்

ட்சர்ல்யெனாக் காஷ்டெலான்ஸ்கி என்பது கிராமத்தார் வழக்கில் இருந்த பெயர். பழைய ஆவணங்கள் வேறு பெயரைப் பேசின. 15ஆம் நூற்றாண்டிலிருந்தே ஸ்பிலிட் வட்டாரப் பதிவுகளில் டிரிபிட்ராக் என்ற மதிப்பு மிக்க திராட்சை வருகிறது. ஓமிஷின் பிரிபிட்ராக் அதன் திரிபாக இருக்கலாம் என்று சந்தேகம். ஆனால் ஒலி ஒற்றுமை சான்றாகாது.

ஸ்பிலிட்டின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உலர்த்தி ஒட்டிய தாவர மாதிரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் சீட்டில் டிரிபிட்ராக் என்று எழுதியிருந்தது. வயது சுமார் 90. அவ்வளவு பழைய காய்ந்த இலையில் டிஎன்ஏ உடைந்து துண்டு துண்டாகக் கிடக்கும். அளவும் மிகக் குறைவு. குரோவேஷிய ஆய்வாளர்கள் முதலில் முழு மரபணுத் தொகுதியையும் பெருக்கி, பிறகு மைக்ரோசாட்டிலைட் குறிகளைப் படித்தார்கள். 2011இல் முடிவு வந்தது: டிரிபிட்ராக், ட்சர்ல்யெனாக், பிரிமிடீவோ, ஜின்ஃபாண்டெல் நான்கும் ஒன்று. ஆவணம், அருங்காட்சியகம், உயிருள்ள கொடி மூன்றும் ஒரு கோட்டில் வந்து நின்றன. அந்த மாதிரியை உலர்த்திச் சீட்டு எழுதி வைத்தவருக்கு டிஎன்ஏ என்ற சொல்லே தெரிந்திருக்காது. ஒழுங்காகப் பெயரெழுதி வைத்தது போதுமானதாக இருந்தது. நம் வேளாண் கல்லூரிகளின் பழைய மாதிரி அலமாரிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

குறிகள் பேசாத இடம்

மைக்ரோசாட்டிலைட் குறிகள் ரகத்தைச் சொல்லும். ரகத்துக்குள் ஏற்பட்ட திடீர் மாற்றங்களைப் பெரும்பாலும் சொல்லாது. கறுப்புப் பழம் தரும் பினோ நுவார், சாம்பல் நிறப் பினோ கிரி, வெள்ளைப் பினோ பிளாங் மூன்றுக்கும் வழக்கமான குறிகளில் எண் வரிசை ஒன்றே. நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுப் பகுதியில் நேர்ந்த மாற்றம்தான் வித்தியாசம். அந்த இடத்தைப் பார்க்காத குறிக்கு அது தெரியாது.

இந்தியாவில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல. மகாராஷ்டிரத்தில் பரவலாக உள்ள தாஸ்–ஏ–கணேஷ், சோனாகா இரண்டும் தாம்சன் சீட்லெஸ் கொடிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. தோட்டத்தில் காயின் நீளத்தைப் பார்த்தே வேறுபாடு சொல்லலாம். சாதாரணக் குறிகளை நம்பி அவற்றைப் பிரிப்பது கடினம். நாற்று வாங்கியவர் ஏமாந்தாரா என்ற வழக்கில் ஆய்வக அறிக்கை தாம்சன் வகை என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பதில்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு நிலைமை வேறு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். இத்தாலிய ஆய்வாளர் மன்னா கிரெஸ்பான் 2003இல் இதே குறிகளைக் கொண்டு அதன் பெற்றோரைக் காட்டினார்: ஸ்கியாவா கிரோசாவும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும். கம்பத்துப் பழத்தின் வாசம் வந்தது இந்த இரண்டாவது பெற்றோர் வழியாக. ரகத்தைச் சொல்லக் குறிகள் போதும். அந்தக் குலை கம்பத்தில் விளைந்ததா, வேறெங்காவது விளைந்ததா என்பதை அவற்றால் சொல்லவே முடியாது.

சீட்டும் சட்டமும்

ஐரோப்பிய ஒன்றியம் 1999லேயே ஜின்ஃபாண்டெல் என்பதைப் பிரிமிடீவோவின் மாற்றுப் பெயராக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 2002இல் அதே போன்ற முன்மொழிவு வந்தது; நிறைவேறவில்லை. இரண்டும் அங்கே தனித்தனிப் பெயர்களாகவே பட்டியலில் நிற்கின்றன. அறிவியல்படி இது தவறு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரகம் ஒன்று என்பது டிஎன்ஏ சொல்லும் உண்மை. எந்தப் பெயரில் விற்கலாம் என்பது வாங்குபவர் எதை எதிர்பார்க்கிறார், பெயரை வளர்த்தவர் யார் என்பவற்றையும் சேர்த்து முடிவாக வேண்டியது.

குரோவேஷியாவில் அந்த ஒன்பது கொடிகளிலிருந்தும் ஓமிஷ் கொடிகளிலிருந்தும் குச்சி எடுத்துப் பெருக்கினார்கள். இன்று டால்மாசியாவில் ட்சர்ல்யெனாக், டிரிபிட்ராக் பெயர்களில் மீண்டும் ஒயின் வருகிறது. ஆய்வு அடுத்த படிக்குப் போய்விட்டது: 2019இல் டேவிஸ் ஆய்வாளர்கள் குரோவேஷியா, இத்தாலி, கலிஃபோர்னியா மூன்றையும் சேர்ந்த 15 ஜின்ஃபாண்டெல் கிளைகளின் (குளோன்களின்) முழு மரபணுத் தொகுதியையும் படித்து ஒப்பிட்டார்கள். நூற்றாண்டுகளாகக் குச்சி வழியே பெருகியதில் ஒவ்வொரு கிளையிலும் தனி மாற்றங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதி மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் இருந்தது. ஒரே ரகத்தின் கலிஃபோர்னியக் கிளையையும் பூலியாக் கிளையையும் பிரித்துச் சொல்லும் குறிகளை இனி அங்கேதான் தேட முடியும்.